இசக்கியம்மாளின் மாம்பழ நிறச் சேலை

ஈரோட்டில் நான் பார்க்கும் வேலை வீட்டுப் பிளான் போடுவது. சமையலறை பத்துக்கு எட்டு, படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு என்று இருபத்திரண்டு வருஷமாக நேர்கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன். என் பிளானில் கட்டில் இருக்கும், சோபா இருக்கும், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார்கூட இருக்கும். மனிதர் மட்டும் இருக்க மாட்டார்.

ஆபீஸ் முடிந்து வீட்டில் பொழுதுபோக்காகப் படம் வரைவேன். அங்கேயும் இதே கதைதான். கோபுரம், பழைய பாலம், ஓட்டு வீடு எல்லாம் வரும். ஆள் வராது. படம் வரைகிறவர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் என் படங்களைப் போடுவேன். அதில் பழக்கமானவர் ஸ்டெல்லா. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். மூன்று வருஷப் பழக்கத்தில் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூட லீவு விட்டதும் போன் செய்தார்.

"ஏளா, நீ போடுத தெருவுல ஊரடங்கு போட்ட மாதிரி ஒருத்தரும் இருக்க மாட்டேங்காக. ஒரு மூணு நாள் லீவு போட்டுட்டு வா. திருச்செந்தூர் கடற்கரைல கொண்டு விடுதேன். அங்கன ஆளத் தவிர வரையுததுக்கு வேற ஒண்ணும் கெடையாது."

முதல் நாள் பாளையங்கோட்டையில் சாப்பாட்டோடு போனது. ஸ்டெல்லாவின் கணவர் தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார். கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். "இது எங்க வீட்டுக் கொழம்பு கெடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைமார் அம்மாட்ட இவுக கத்துக்கிட்டது. நான் இதுவரைக்கும் வச்சதில்ல, இனியும் வைக்கப் போறதில்ல" என்றார் ஸ்டெல்லா. எங்கள் ஊரில் குழம்பு என்றால் காரம் முதலில் வந்து நிற்கும். இது பாலும் எலுமிச்சையுமாக மெதுவாக உள்ளே போனது. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஸ்டெல்லாவின் கணவர் அகப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். கண்டக்டர் "எக்கா, பைய உள்ள போங்க, பைய" என்று சொல்லிக்கொண்டே எங்களை நெருக்கித் தள்ளினார். 'மெதுவாக' என்னும் அந்தப் 'பைய'வுக்கும் அவர் தள்ளிய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு தென்படும், மறையும், வாழைத் தோட்டத்துக்குப் பின்னாலிருந்து மறுபடி எட்டிப் பார்க்கும். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் டயர் பஞ்சர்.

எல்லோரும் இறங்கி வேப்ப மரத்தடியில் நின்றோம். டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு ஜாக்கி வைத்தார். ஸ்டெல்லா என் விலாவில் இடித்தார். நான் புத்தகத்தைத் திறந்து வரையத் தொடங்கினேன். பஸ் அழகாக வந்தது, ஆணி முதற்கொண்டு. டிரைவர் மட்டும் சாக்கு மூட்டை போல வந்தார். வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர், "நல்லாத்தான் இருக்கு. வயித்த மட்டும் கொஞ்சம் கொறச்சிப் போடுங்கம்மா. வீட்டுல பாத்தா ராத்திரி சோறு போட மாட்டா" என்றார். ரப்பரால் வயிற்றைக் குறைத்துக் கொடுத்தேன். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் பஸ்ஸை எடுத்தார்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் கால் வைத்ததும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பச்சை வேட்டிக் கூட்டம், காவி வேட்டிக் கூட்டம், காவடியின் மயில் பீலி, காற்றில் உப்பிப் பறக்கும் நைலான் சேலைகள், இவற்றுக்கு நடுவே சந்தனம் பூசிய மஞ்சள் மொட்டைகள். முருகனுக்கு முடி கொடுத்துவிட்டுக் கடலில் குளித்து எழுந்த தலைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. என் பெட்டியில் உள்ள பன்னிரண்டு வண்ணங்களில் பத்தை நான் அதுவரை தொட்டதே இல்லை. பிளான் ஆட்களுக்குச் செங்கல் நிறமும் சாம்பல் நிறமும் போதும்.

அன்று மாலைவரை எட்டுப் பக்கம் வீணானது. ஆட்கள் நிற்பதில்லை. பாதி முதுகு வரைவதற்குள் மீதி முதுகு அலைக்குள் போய்விடுகிறது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இது ஆளா, தென்னையா?"

"கால் இருக்குல்லாவே. ஆளாத்தான் இருக்கும்."

ஸ்டெல்லா சிரித்ததில் அவருடைய பேனா மண்ணில் விழுந்தது. இரவு லாட்ஜில் இரண்டு ரசவடையைப் பிய்த்துத் தின்றபடி, நாளை கோபுரத்தை மட்டும் வரைந்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றேன். ஸ்டெல்லா, "கோபுரம் நாளைக்கும் அங்கனதான் நிக்கும். உக்காந்த ஆளாப் பாத்து வரை. நிக்கவன உட்டுரு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லா கோயில் பக்கம் போனார். நான் கரையில் இளநீர் வண்டி ஒன்றின் நிழலில் இடம் பிடித்து, உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடினேன். பத்தடி தள்ளி ஓர் அம்மாள் இருந்தார். வயது ஐம்பது இருக்கலாம். தலை புதிதாக மழித்திருந்தது, சந்தனம் இன்னும் காயவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்போல அரக்குக் கரை வைத்த மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். எல்லோரும் குளிப்பவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரையட்டுமா என்று கேட்டேன்.

"என்னையவா? மொட்டத் தலையோடயா?" என்று கேட்டார். பிறகு, "வரைங்க. வீட்டுல யாரும் என்னைய இப்படி உக்காரச் சொன்னதில்ல" என்று சேலையைச் சரி செய்துகொண்டார்.

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை. கணவர் டிராக்டர் ஓட்டுகிறார். போன வருஷம் மகள் காய்ச்சலில் பத்து நாள் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அப்போது நேர்ந்துகொண்ட முடி இது. படத்துக்குக் கீழே தன் பெயரை எழுதச் சொன்னார். இசக்கியம்மாள் என்று எழுதினேன்.

அவர் அசையவே இல்லை. அதனால் எனக்கு மூக்கு வந்தது, காது வந்தது. மழித்த தலையின் வளைவு ஒரே கோட்டில் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

"எக்கா," என்றார் திடீரென்று, "எங்க ஆறு எங்கன வந்து கடல்ல விழுது? இங்கனயா?"

எனக்குத் தெரியவில்லை. போனில் மேப்பைத் திறந்து ஆற்றின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனேன். "புன்னைக்காயல்னு போட்டிருக்குதுங்க."

"புன்னக்காயலு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "பாபநாசத்துல அது மலைய விட்டு எறங்குதத எத்தனையோ தடவ பாத்தாச்சு. வாரத பாத்தாச்சு, போறத பாக்கல. தெனமும் அதுலதான் கையும் காலும் கெடக்கு. எங்க போயிச் சேருதுன்னு ஒரு தடவ பாத்துரணும்."

இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "பஸ் போகுதுல்லா. ஸ்டாண்டுல ஏறுனா ஒரு மணி நேரத்துல எறக்கி விட்டுருவான்."

"அப்ப பக்கந்தான், போயிட்டு வந்துரலாங்க" என்றேன் நானும். சேலையின் மஞ்சளில் எவ்வளவு சிவப்புக் கலப்பது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

படம் காய்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். மகள் மண்டபத்தில் படுத்திருக்கிறாள், போகிறேன் என்றார். படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். "காயட்டும், பொறவு பாக்கேன்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஸ்டெல்லா திரும்பி வந்தார். படத்தைப் பார்த்தவர், டீச்சர் வழக்கப்படி ஓரத்தில் பேனாவால் ஒரு 'சரி' போடப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. அந்தக் கரையில் அது நாள் முழுவதும் யாரையாவது தேடிக்கொண்டேதான் இருக்கும். காது பழகிவிடுகிறது. ஆனால் இந்தப் பெயர் என் புத்தகத்தில் எழுதியிருந்த பெயர்.

"அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த இசக்கியம்மாள். மொட்டை அடித்திருப்பார். பச்சை நிறச் சேலை."

பச்சையா? நானும் ஸ்டெல்லாவும் உதவி மையத்துக்கு ஓடினோம்.

அங்கே நரைத்த மீசைக்காரர் ஒருவரும் இருபது வயதுப் பெண்ணும் நின்றிருந்தார்கள். இசக்கியம்மாளின் கணவர் செல்லையா, மகள் ரேவதி. செல்லையா தன் போனைப் போவோர் வருவோரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். அதில் நீளச் சடையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு தலையே கிடையாது. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்கள்.

"பச்சச் சேலதான். காலைல வீட்டுலேர்ந்து அதத்தான் கட்டிட்டு வந்தா" என்றார் செல்லையா.

"குளிச்சிட்டு மாத்தியிருப்பாப்பா. நான் பைல நீலம்லா எடுத்து வச்சேன்" என்றாள் ரேவதி. அம்மாவின் போனும் அவள் கையில்தான் இருந்தது.

நான் புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். செல்லையா குனிந்து பார்த்தார். அவருடைய கட்டைவிரல் மாம்பழ நிறத்தின் மேல் படாமல் காற்றில் நின்றது. "இவதான்" என்றார். "இந்தச் சேலைய எப்பப் பைல வச்சா?"

பேசும்போதும் அவர் பார்வை கடலைவிட்டு நகரவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மொட்டைத் தலையாக எண்ணுவதுபோலப் பார்த்தார். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு, மேப், பஸ், பக்கந்தான் என்று நான் சொன்னது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ரேவதி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"மொகந்தெரியாத ஆளுட்ட போயி வழி சொல்லுவாகளா?" என்றாள்.

செல்லையா அவளை அடக்கினார். "ஏட்டி, விடு. இவுக சொன்ன மாதிரி இருந்தா நல்லதுதான." அவர் குரல் கெஞ்சியது, எங்களிடம் இல்லை.

ஸ்டெல்லா எங்களை இளநீர் வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். வண்டிக்காரர் படத்தைப் பார்த்தார். "இந்த மஞ்சச் சேலக்காரக்காவா? மண்டபத்துக்குப் போயிட்டு நேரா வந்து எங்கிட்டதான் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாக. நீங்க அப்பப் பிரஷ் கழுவத் தண்ணிக்குப் போயிருந்தீக. ரெண்டு மணி நேரம் இருக்கும்." உதவி மையத்தில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

முன்சீட்டு ஓரத்தில் செல்லையா, பின்னால் நாங்கள் மூவர். காயல்பட்டினம் தாண்டி ஆறுமுகநேரிக்குள் நுழையும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. ரயில் வரவில்லை. வெள்ளரிப் பிஞ்சு விற்றவர் ஆட்டோவுக்குள் தலையை விட்டார். யாரும் வாங்கவில்லை. செல்லையா இறங்கிப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், தூக்கிவிடப் போகிறவர்போல.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து கேக்கா" என்றார், யாரையும் பார்க்காமல். "ஆறு முடியுத எடத்துக்கு ஒரு நாளு கூட்டிட்டுப் போங்கன்னு. தண்ணி தண்ணில போயிச் சேருது, அதப் பாக்கதுக்கு என்ன இருக்குன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்."

அதற்குப் பிறகு உப்பளங்கள் வந்தன. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. வேறொரு நாளாக இருந்தால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

புன்னைக்காயலில் தெரு முடிகிற இடத்தில் ஆறு இருந்தது. இவ்வளவு அகலமாக அது கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீலமும் சிவப்புமாக வள்ளங்கள் கரையோரம் வரிசையாகக் கிடந்தன. ஒரு கொட்டகையின் கீழ் நாலைந்து பெண்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மாம்பழ நிறச் சேலை மடியில் தட்டை வைத்து ஒருவர் சோறும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரேவதி ஓடிப் போய் எதிரில் நின்றாள். "எம்மா, எங்க போறேன்னு சொல்லிட்டுப் போகத் தெரியாதா?"

இசக்கியம்மாள் கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தார். "சொல்லிட்டுத்தானட்டி வந்தேன். மண்டபத்துல கண்ண மூடிப் படுத்துருந்த. ஆறு கடல்ல சேருத எடத்தப் பாத்துட்டு மத்தியானம் வந்துருதேன்னு சொன்னேன். நீயும் சரி சரின்னு தலைய ஆட்டுனியே."

ரேவதியின் கை தானாகக் காதுக்குப் போனது. அவள் கழுத்தில் பாட்டுக் கேட்கும் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மீன்காரப் பெண்களில் ஒருவர், "பாட்டுக்குல்லா ஆட்டியிருக்கு பிள்ள" என்று சொல்ல, கொட்டகையே சிரித்தது. நான் உள்ளுக்குள் பெருமூச்சு விட்டேன். ஆனாலும் 'பக்கந்தான்' என்று சொன்னது நான்தான்.

செல்லையா சிரிக்கவில்லை. ஒரு வள்ளத்தின் விளிம்பில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நான் கடலப் பாத்துட்டே நின்னேன் தெரியுமா" என்றார்.

சிரிப்பு நின்றது. இசக்கியம்மாள் தட்டைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "நான் எதுக்குக் கடலுக்குள்ள போறேன்? எனக்கு ஆத்துலயே முழுகத் தெரியாதுல்லா" என்றார். செல்லையா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டீகளா?" என்று இசக்கியம்மாள் கேட்டதும், எங்கள் நாலு பேருக்கும் தட்டு வந்தது. ஈரோட்டில் எனக்கு மீன் என்றால் அணைக்கட்டு மீன்தான். சாளையை முள்ளோடு மென்று தின்ன அந்தப் பெண்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பணம் கொடுக்கப் போன செல்லையாவை, "சாமி கும்புட வந்தவுகட்ட யாரு துட்டு வாங்குவா" என்று திட்டி அனுப்பினார்கள்.

ஆறு கடலில் சேரும் இடம் கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இசக்கியம்மாள் ஒரு வள்ளக்காரருக்காகக் காத்திருந்திருக்கிறார். அவர் வந்ததும் எல்லோரும் ஏறினோம். ஏற மாட்டேன் என்று சொன்ன செல்லையாவும் கடைசியில் ஏறினார். கரையோர மரங்களுக்கு நடுவே வள்ளம் போனது. கொக்குகள் எழும்பி உட்கார்ந்தன. பிறகு இரண்டு கரையும் விலகிப் போக, வள்ளக்காரர் மோட்டாரை நிறுத்தினார்.

"இங்கனதான். பழுப்பா இருக்கது நம்ம ஆறு. அந்தா நீலமாக் கெடக்குல்லா, அது கடலு."

நடுவில் கோடு எதுவும் இல்லை. பழுப்பு நீலத்துக்குள் நாக்கு நாக்காகப் போனது, நீலம் பழுப்புக்குள் புகுந்து வந்தது. என் தொழிலில் இதை வரைந்து கொடுத்தால் எல்லை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

இசக்கியம்மாள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டார். இன்னொரு கை அள்ளிக் கணவரிடம் நீட்டினார். அவர் அந்தக் கையிலிருந்தே உறிஞ்சினார்.

"எப்படி இருக்கு?"

"பாதி உப்பு" என்றார் செல்லையா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி நம்ம ஊரு" என்றார்.

ஆறு போகிற பக்கமே இசக்கியம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படாமல் புத்தகத்தைத் திறந்து வரைந்தேன். வள்ளம் ஆடியதில் என் பென்சில் கோணலாக ஓடியது. நானும் ஓட விட்டேன். ஐந்து பேரும் படத்தில் வந்தார்கள். ஒருவர்கூடச் சாக்கு மூட்டையாக வரவில்லை.

"காலைல போட்டது எங்க எக்கா? நான் பாக்கவே இல்லையே" என்று அவர் கேட்டதும் முந்தைய பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முடி இறக்கியதிலிருந்து அவர் கண்ணாடி பார்க்கவில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்தார். கை மெதுவாகத் தலைக்குப் போய், துண்டுக்குள் நுழைந்து, மண்டையைத் தடவிப் பார்த்தது. ரேவதி அம்மாவின் முகத்தையே கவனித்தாள். அழப் போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, கையை நீட்டினாள்.

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். "எங்க அய்யா மாதிரியேல்லா இருக்கேன்" என்றார், தன் அப்பாவைச் சொல்லி. "செத்துப் பத்து வருசம் ஆச்சு. இங்கன வந்து உக்காந்துருக்காக பாரு."

செல்லையா எட்டிப் பார்த்தார். படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா. அதே மொறப்பு" என்றார். "இனி இவகிட்டயும் மாமா மாமான்னு பதுங்கித்தான் கெடக்கணும் போல."

வள்ளம் திரும்பியது. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். ரேவதி அதைக் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இசக்கியம்மாள் தலைத் துண்டை உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வள்ளத்தின் முன்பக்கத்தில் காற்றைப் பார்த்து உட்கார்ந்தார்.

கரையில் மீன்காரப் பெண் கேட்டார்: "எக்கா, மொட்டத் தலைல வெயில் சுடலையா?"

"சுடட்டும்" என்றார் இசக்கியம்மாள்.